புளூஸ், ஜாஸ் கலைஞர்கள் திரையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி நண்பர்களுக்குப் படம் போட்டுக் காட்டுவது என் பழக்கம். பெரும்பாலும் புளூஸ், ஜாஸ் கலைஞர்களைப் பற்றிய படங்கள்தான். வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை டீ ஆறுவதற்குள் படத்தைத் தொடங்கிவிடலாம்.

இந்த இசை எனக்குச் சுத்தமாகத் தெரியாது. எதில் தொடங்குவது?

'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே'. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற கடற்கரை ஊர். அங்கே 1958 கோடையில் நடந்த ஜாஸ் விழாவைப் படமாக்கியவர் பெர்ட் ஸ்டெர்ன். ஃபேஷன் புகைப்படக்காரர். அதனால்தான் மேடையைப் பார்த்த அளவுக்கு நாற்காலிகளையும் பார்த்திருக்கிறார்: ஐஸ்கிரீம் நக்குகிறவர்கள், கூலிங் கிளாஸ் போட்டுத் தூங்குகிறவர்கள், எழுந்து ஆடும் ஜோடிகள். யாரும் பாடம் எடுப்பதில்லை. இது இன்ன ராகம், இவர் இன்ன பாணி என்று சொல்ல ஆளே இல்லை.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். கறுப்பு உடை, இறகு வைத்த அகலத் தொப்பி, வெள்ளைக் கையுறையோடு அனிதா ஓடே மேடையேறுகிறார். அம்மையார் ஏதோ மாலை விருந்துக்கு வந்த மாதிரி இருக்கிறது. பாட ஆரம்பித்ததும் தாளத்தை இழுத்து, உடைத்து, கடைசி நொடியில் பிடித்து விளையாடுகிறார். இன்னொன்று, ஒரு செல்லோக்காரர் சட்டையில்லாமல் ஓர் அறையில் உட்கார்ந்து பாக் சாதகம் செய்யும் காட்சி. நடுவில் நிறுத்தி, சிகரெட் பற்றவைத்து, மறுபடி தொடங்குகிறார். விழாவின் கூச்சல் எதுவும் அந்த அறைக்குள் வராது.

ஒரு குறையும் உண்டு. தெலோனியஸ் மங்க் பியானோ வாசிக்கும்போது கேமரா படகுப் போட்டிக்குப் போய்விடுகிறது. வர்ணனையாளர் குரல் வேறு மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்காக ஸ்டெர்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

புளூஸ் வேறு, ஜாஸ் வேறா? தெரியாமல் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். புளூஸ் அமெரிக்கத் தெற்கில், பருத்தி வயல்களில் கூலிக்கும் வாரத்துக்கும் உழைத்த கறுப்பின மக்களிடம் உருவான பாட்டு. பெரும்பாலும் 12 தாளக்கட்டு கொண்ட ஒரு சுற்று. ஓர் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வது வழக்கம். ஜாஸ் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தது. அதற்குள் புளூஸும் இருக்கிறது, பேண்டு வாத்தியமும் இருக்கிறது, மனோதர்மம் மிக அதிகம். இவ்வளவு போதும்.

சினிமாவில் நடிகர்கள் நிஜமாகவே வாசிக்கிறார்களா?

ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி. இதில்தான் ரசமே இருக்கிறது.

சார்லி பார்க்கரைப் பற்றி கிளின்ட் ஈஸ்ட்வுட் 1988இல் எடுத்த 'பேர்ட்' படத்தில், ஃபாரஸ்ட் விட்டேக்கர் விரல்களை மட்டும் சரியாக நகர்த்துகிறார். சத்தம் பார்க்கருடையதேதான். பழைய பதிவுகளிலிருந்து அவருடைய சாக்சபோனை மட்டும் பிரித்தெடுத்து, கூட வாசித்தவர்களைக் கழித்துவிட்டு, புதிய கலைஞர்களைப் பக்கவாத்தியம் வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். 1955இல் இறந்தவரோடு 1980களின் ஆட்கள் வாசித்திருக்கிறார்கள்! சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் கிடைத்தது. சத்தம் சுத்தமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் பார்க்கரும் பக்கத்தில் நிற்பவர்களும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் அந்த உரசல் இல்லை. இறந்தவருக்கு இவர்கள் வாசிப்பது காதில் விழாதே.

பெர்ட்ராண்ட் தவெர்னியே 1986இல் எடுத்த 'ரவுண்ட் மிட்நைட்' இதற்கு நேர்மாறு. நாயகன் டேல் டர்னராக நடித்தவர் டெக்ஸ்டர் கார்டன், தொழில்முறை சாக்சபோன் கலைஞர். ஆறடிக்கு மேல் உயரம், கரகரத்த குரல், ஒரு வாக்கியத்தை முடிக்கவே அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும் நிதானம். மேடைக் காட்சிகளில் கேட்கும் இசை, படப்பிடிப்புத் தளத்திலேயே கேமரா ஓடும்போது வாசித்துப் பதிவானது. பியானோவில் உட்கார்ந்திருப்பவர் ஹெர்பி ஹான்காக். படத்துக்கு இசையும் அவர்தான், ஆஸ்கரும் வாங்கினார். கார்டனுக்குச் சிறந்த நடிகருக்கான பரிந்துரை கிடைத்தது. நடித்தார் என்பதைவிட, இருந்தார் என்று சொல்லலாம்.

கதை பியானோ கலைஞர் பட் பவல், சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங் என்ற இரண்டு நிஜக் கலைஞர்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. பாரிஸில் பவலைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஒரு ரசிகர் இருந்தார். அவர்தான் படத்தில் பிரான்சிஸ். கிளப்புக்குள் போகக் காசில்லாமல், மழையில் நனைந்துகொண்டே வெளியில் நின்று காதைக் கொடுப்பான். இந்தப் படங்களில் வாசிக்கிறவரைவிடக் கேட்கிறவர் முகத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அந்தப் பழக்கம் இந்தக் காட்சியிலிருந்து எனக்கு வந்தது.

'விப்லாஷ்' இந்தப் பட்டியலில் உண்டா?

இல்லை. டிரம்ஸ் கற்கும் மாணவனையும் அவனை வாட்டும் ஆசிரியரையும் பற்றிய நல்ல விறுவிறுப்பான படம், ஆனால் கற்பனை. அதில் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதையில், இளம் பார்க்கரின் தலையைக் குறிவைத்து டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் தன் சிம்பலை, அதாவது பித்தளைத் தட்டை, வீசுவார். 1936இல் கான்சாஸ் சிட்டியில் நடந்ததாகச் சொல்லப்படுவது வேறு: சிம்பலை அவன் காலடியில் தரையில் போட்டார், 'போதும், இறங்கு' என்பதுபோல. அவமானம் அவமானம்தான். கொலை முயற்சி இல்லை.

ஏன் எல்லாப் படத்திலும் போதை, ஊசி, சாவு?

கொஞ்சம் உண்மை, கொஞ்சம் தயாரிப்பாளர்களின் சோம்பல். பார்க்கர் 34 வயதில் இறந்தபோது, பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார். அதை மறைக்க முடியாது. ஆனால் தினம் எட்டு மணி நேரம் சாதகம் செய்வதைப் படமாக்குவது கஷ்டம், ஊசி போட்டுக்கொள்வதைப் படமாக்குவது சுலபம்.

பல படங்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நியூயார்க்கில் மது விற்கும் கிளப்புகளில் வாசிக்க, போலீஸ் கொடுக்கும் ஓர் அட்டை வேண்டும். 1967 வரை இந்த முறை இருந்தது. போதை வழக்கில் மாட்டினால் அட்டை போய்விடும். பாடகி பில்லி ஹாலிடே 1947இல் இழந்தார். மங்க் 1951இலிருந்து 1957 வரை அட்டை இல்லாமல் இருந்தார். தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகும் சொந்த ஊரில் பிழைக்க வழியில்லை. போதையைக் காட்டி இதைக் காட்டாத படம் பாதிக் கதைதான் சொல்கிறது.

போதைப் படங்களிலேயே என்னைத் தொந்தரவு செய்தது, டிரம்பெட் வாசித்துப் பாடவும் செய்த செட் பேக்கரைப் பற்றிய 'லெட்ஸ் கெட் லாஸ்ட்' (1988). முழுக்கக் கறுப்பு வெள்ளை. 1950களில் சினிமா நடிகர் மாதிரி இருந்த முகம் சுருங்கி, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அவரோடு வாழ்ந்த பெண்கள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார்கள். அவரையும் நம்ப முடியவில்லை. ஆனால் பாட ஆரம்பித்தால் அந்தக் குரலை நம்பாமலும் இருக்க முடியவில்லை. படம் திரைக்கு வருமுன்பே, அந்த மே மாதம், ஆம்ஸ்டர்டாமில் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துவிட்டார்.

ராபர்ட் ஜான்சன் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றது நிஜமா? எந்தப் படத்தில் இருக்கிறது?

பாதிப் படங்களில் இருக்கிறது, எதிலும் நிஜமில்லை. புளூஸ் பாடகர் ஜான்சன் 1936, 1937 ஆண்டுகளில் டெக்சாஸில் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938 ஆகஸ்டில் 27 வயதில் மிசிசிப்பியில் இறந்தார். கிட்டார் சரியாக வராத பையன் ஊரைவிட்டுப் போய், திரும்பி வந்தபோது எல்லோரையும் அசத்தினான் என்று மூத்த கலைஞர் சன் ஹவுஸ் சொன்னார். இடையில் அவருக்கு ஐக் ஜிம்மர்மன் என்ற ஒருவர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். குரு கிடைத்தார், அவ்வளவுதான் விஷயம். நாற்சந்தி, நள்ளிரவு, சாத்தான் எல்லாம் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவர் அண்ணன் சொன்ன கதை. பெயர் ஒற்றுமையில் இவர் மேல் ஒட்டிக்கொண்டது.

1986இல் வந்த 'கிராஸ்ரோட்ஸ்' அந்தக் கதையை வைத்துப் பின்னிய சினிமா; கிளைமாக்ஸில் ஒரு கிட்டார் சண்டை வரும், ஜாலியாகப் பார்க்கலாம். ஆவணப்படம் வேண்டுமானால் 'தி சர்ச் ஃபார் ராபர்ட் ஜான்சன்' (1991). ஜான்சனைத் தெரிந்தவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள், அவர்களைத் தேடிப்போய்ப் பேசியிருக்கிறார்கள்.

அசையும் படமாக ஜான்சன் எங்கும் இல்லை. ஒருமுறை, தெருவில் கிட்டாரோடு நிற்கும் ஒருவரின் சில நொடித் துண்டுப்படம் கிடைத்தது, அவர்தான் என்று பெரிய பரபரப்பு. பின்னால் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை யாரோ உற்றுப் பார்த்தார்கள். அந்தப் படம் வெளிவந்தது 1941இல்.

பழைய புளூஸ் பாடகர்களின் படம் ஏன் இவ்வளவு குறைவு?

கேமரா வைத்திருந்தவர்களுக்கு அவர்கள் ஒரு பொருட்டில்லை. அவ்வளவு பெரிய பாடகி பெஸ்ஸி ஸ்மித். நமக்குக் கிடைத்திருப்பது 1929இல் எடுத்த 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' என்ற ஒரே குறும்படம், கால் மணி நேரம்.

பிறகு 1960களில் நிலைமை மாறியது. வடக்கிலிருந்து வெள்ளைக்கார இளைஞர்கள் சிலர், 78 சுற்று இசைத்தட்டுகளில் கேட்ட குரல்களின் சொந்தக்காரர்களைத் தேடிக் கிளம்பினார்கள். 'டூ டிரெயின்ஸ் ரன்னின்' (2016) அந்தக் கதை. 1964 ஜூனில் இரண்டு கோஷ்டிகள் தனித்தனியாகத் தேடுகின்றன. ஒன்று சன் ஹவுஸை நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் கண்டுபிடிக்கிறது. இன்னொன்று ஸ்கிப் ஜேம்ஸை மிசிசிப்பியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்க்கிறது. அதே ஜூனில், அதே மிசிசிப்பியில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்த மூன்று இளைஞர்கள் கொல்லப்படுகிறார்கள். பாட்டுத் தேடிப் போனவர்களுக்குத் தாங்கள் எந்த மண்ணில் நடக்கிறோம் என்பதே சரியாகத் தெரியவில்லை என்பதைப் படம் கண்ணியமாகச் சொல்கிறது. சன் ஹவுஸ் வாசிப்பதை விட்டு வெகுகாலமாகியிருந்தது. ஆல் வில்சன் என்ற இளைஞன் உட்கார்ந்து அவருடைய பாடல்களை அவருக்கே மறுபடி வாசித்துக் காட்டி நினைவுபடுத்தினான்.

அதே 1964இல் எடுத்த இன்னொன்றை அவசியம் தேடிப் பாருங்கள். மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தை, அமெரிக்கத் தெற்கத்தி ஸ்டேஷன்போல ஜோடித்து, கிரனாடா தொலைக்காட்சி ஒரு கச்சேரி எடுத்தது. ஒரு நடைமேடையில் ஆங்கில இளைஞர்கள், எதிர் நடைமேடையில் கலைஞர்கள். மூட்டை முடிச்சு, ஆடு எல்லாம் வைத்து ஜோடித்தது இன்று பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மழை வேறு. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்கி, நீண்ட கோட்டோடு ஈர நடைமேடையில் நடந்து வந்து, வெள்ளை எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். பாடுவது நோவா காலத்துப் பெருமழையைப் பற்றிய பாட்டு! கிட்டாரை ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறார் பாருங்கள், அதன் பிறகு ஆடும் மூட்டையும் கண்ணிலேயே படாது.

பத்து நிமிடம்தான் இருக்கிறது. எதைப் பார்க்க?

1957 டிசம்பர் 8 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நேரலையாகப் போன 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சியில் பில்லி ஹாலிடே பாடும் 'ஃபைன் அண்ட் மெல்லோ'. அவர் ஓர் உயர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் அந்தக் காலத்தின் பெரிய கைகள். அவர் ஓர் அடி பாட, ஒருவர் எழுந்து ஒரு சுற்று வாசிக்க, மறுபடி அவர். லெஸ்டர் யங்கும் ஹாலிடேயும் இருபது வருடப் பழக்கம். யங்குக்கு 'பிரெஸ்' என்ற பட்டப்பெயர் ஹாலிடே வைத்தது, ஹாலிடேக்கு 'லேடி டே' யங் வைத்தது. இடையில் விலகிப் போயிருந்தார்கள். யங்குக்கு உடம்பு சரியில்லை, ஒத்திகையில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். தன் முறை வந்ததும் எழுகிறார். அவருக்கு முன்னால் வாசித்தவர் போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை. நாலைந்து நீண்ட சுரங்கள், இடையில் நிறைய காற்று.

கேமரா அப்போது அவரை விட்டு ஹாலிடே முகத்துக்குப் போகிறது. புருவம் உயர்கிறது, உதட்டோரம் லேசான சிரிப்பு, 'ஆமாம், ஆமாம்' என்பதுபோல மெல்லத் தலையாட்டல். நேரலையில் யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அந்த நொடியில் எந்த கேமராவை எடுப்பது என்று முடிவு செய்தவருக்கு ஒரு கும்பிடு. 1959 மார்ச்சில் யங் போனார், ஜூலையில் ஹாலிடே.

இன்னும் பத்து நிமிடம் கிடைத்தால் 'ஜாமின் தி புளூஸ்' (1944). மேலே இருந்து பார்க்கும் ஏதோ வட்டம், பக்கத்தில் புகை. வட்டம் நிமிர்ந்தால் லெஸ்டர் யங்கின் தொப்பி. அழகான படம், அசிங்கமான ஒரு சங்கதியும் கூடவே. குழுவில் பார்னி கெசல் மட்டும் வெள்ளைக்காரர். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பதைக் காட்டக்கூடாது என்று அவரை நிழலில் நிறுத்தி, கைக்குப் பழச்சாறு பூசிக் கறுப்பாக்கினார்கள்.

பில்லி ஹாலிடே பற்றி மட்டும் மூன்று நான்கு படங்கள் இருக்கின்றனவே?

'லேடி சிங்ஸ் த புளூஸ்' (1972) டயானா ராஸுக்காகப் பார்க்கலாம், வரலாற்றுக்காக வேண்டாம். 2021இல் லீ டேனியல்ஸ் எடுத்ததில் ஆண்ட்ரா டே பிரமாதம், திரைக்கதை தடுமாற்றம். என் ஓட்டு 'பில்லி' (2019) என்ற ஆவணப்படத்துக்கு. லிண்டா லிப்நாக் கியூல் என்ற பத்திரிகையாளர் ஹாலிடே வாழ்க்கை வரலாற்றை எழுத, 1970களில் பலரைச் சந்தித்துக் கேசட்டுகளில் பதிவு செய்தார். புத்தகம் முடியுமுன் 1978இல் இறந்துவிட்டார். படம் முழுக்க அந்தக் கேசட்டுக் குரல்கள்தான்: நண்பர்கள், கூட வாசித்தவர்கள், அவரைக் கைது செய்த அதிகாரிகூட. பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்குச் சாயம் பூசியிருப்பதுதான் வேண்டாத வேலை.

கொன்றவரே பேசும் படம் ஒன்று உண்டாமே?

'ஐ கால்ட் ஹிம் மோர்கன்' (2016). டிரம்பெட் கலைஞர் லீ மோர்கனை 1972 பிப்ரவரியில், பனி கொட்டிய ஓர் இரவில், நியூயார்க் கிளப் ஒன்றில் அவருடைய துணைவி ஹெலன் சுட்டார். ஆம்புலன்ஸ் வரத் தாமதம். வயது 33. போதையில் கோட்டைக்கூட அடகு வைத்துவிட்டுத் திரிந்தவரை மீட்டு, சோறு போட்டு, மறுபடி மேடையேற்றியவரும் இதே ஹெலன்தான். பல வருடம் கழித்து முதியோர் வகுப்பில் படித்தபோது, தன் ஆசிரியரிடம் ஒரு கேசட்டில் இதையெல்லாம் சொன்னார். அடுத்த மாதமே இறந்தார். படம் யார் பக்கமும் சாயவில்லை. கூட வாசித்தவர்கள் அவரை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் திணறுவதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

மங்க் பற்றி எதைப் பார்க்கலாம்?

இரண்டையும் அடுத்தடுத்து. 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' (1988), பிளாக்வுட் சகோதரர்கள் 1967, 1968 வாக்கில் எடுத்துவைத்த படச்சுருள்களைக் கொண்டு ஷார்லட் ஸ்வெரின் தொகுத்தது. வாசித்துவிட்டு எழுந்து நின்ற இடத்திலேயே மங்க் சுற்றும் சுற்றல் இதில்தான் நன்றாகத் தெரியும்.

'ரீவைண்ட் அண்ட் ப்ளே' (2022) வேறு ரகம். 1969இல் பாரிஸில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக எடுத்து, வெட்டி ஒதுக்கிய துண்டுகளை அலான் கோமிஸ் கோர்த்திருக்கிறார். சூடான விளக்குகள், மங்க் நெற்றியில் வழியும் வியர்வை, முகத்துக்கு மிக நெருக்கமாக கேமரா. மங்க் 1954இல் முதல்முறை பாரிஸ் வந்ததைப் பற்றிப் பேட்டி எடுப்பவர் கேட்கிறார். எனக்குத்தான் குறைவான சம்பளம் கொடுத்தார்கள் என்கிறார் மங்க். அது நன்றாக இருக்காது, வெட்டிவிடலாம் என்கிறார் இவர். அதே கேள்வி மறுபடி, மறுபடி. மங்க் கடைசியில் பேசுவதை விட்டுவிட்டு வாசிக்கிறார். வாழ்க்கைப் படங்கள் எப்படிச் சமைக்கப்படுகின்றன என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஒரு புகைப்படத்தைப் பற்றியே படம் எடுத்தார்களாமே?

'எ கிரேட் டே இன் ஹார்லம்' (1994). 1958 ஆகஸ்டில் ஒரு காலை, 57 ஜாஸ் கலைஞர்கள் ஹார்லம் வீட்டு வாசற்படியில் கூடி எடுத்துக்கொண்ட படம். இரவெல்லாம் வாசிக்கிறவர்களைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னதே பெரிய ஜோக். யாரும் வரிசையில் நிற்கவில்லை, கட்டிப்பிடித்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பியானோ கலைஞர் கவுன்ட் பேஸி, கால் வலித்துப்போய்த் தெருப் பையன்களோடு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். என்ன உடுப்பது என்று யோசித்தே மங்க் தாமதமாக வந்தார். எல்லோரும் கறுப்பில் வருவார்கள் என்று வெளிர் நிறக் கோட்டு, அழகான பெண்கள் பக்கத்தில் இடம். மில்ட் ஹின்டன் தம்பதி கொண்டுவந்த 8 மி.மீ. கேமராவில் அந்தக் காலை வண்ணத்தில் ஓடுகிறது. ஒரு மணி நேரப் படம், மனசு லேசாகிவிடும்.

கென் பர்ன்ஸின் 'ஜாஸ்' தொடரைப் பார்க்கலாமா? 19 மணி நேரமாமே?

முதல் ஏழு பகுதிகளைப் பாருங்கள். ஆர்ம்ஸ்ட்ராங், எலிங்டன் பற்றி அவ்வளவு காட்சிகள் வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது. 1961க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளை மட்டும் பத்தாவது பகுதியில் மூட்டை கட்டிவிட்டார்கள். புளூஸுக்கு இயக்குநர் ஸ்கார்செசி முன்னின்று 2003இல் வந்த ஏழு படங்கள். அதில் விம் வென்டர்ஸ் எடுத்த 'தி சோல் ஆஃப் எ மேன்' முதலில்.

அதைவிட லெஸ் பிளாங்க்கின் 'எ வெல் ஸ்பென்ட் லைஃப்' (1971). டெக்சாஸ் விவசாயி மான்ஸ் லிப்ஸ்கோம்பை 65 வயதில்தான் முதல்முறையாகப் பதிவு செய்தார்கள். அவர் சமையல், தோட்டம், மனைவியோடு பேச்சு, நடுநடுவே பாட்டு. யாரும் ஊசி போடுவதில்லை.

இந்தியா சம்பந்தப்பட்ட படம் ஏதாவது?

கல்கத்தா கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ வழியாக இந்திய ஜாஸ் கதையைச் சொல்லும் 'ஃபைண்டிங் கார்ல்டன்' ஆவணப்படம். கொங்கணியில் 'நாச்சோம்-இயா கும்பாசர்', பம்பாய் கிளப்புகளில் வாசித்த கோவாக்காரர்களைப் பற்றியது.

எப்படிப் பார்த்தால் நல்லது?

சவுண்ட் பார் கூட வேண்டாம், ஒரு சுமாரான ஹெட்ஃபோன் போதும். லேப்டாப் ஸ்பீக்கரில் மட்டும் பார்க்காதீர்கள். டபுள் பேஸ் சுத்தமாகக் காணாமல் போய்விடும். அப்புறம் டபுள் பேஸ் வாசித்த சார்லஸ் மிங்கஸ் பற்றிய படத்தைப் போட்டுவிட்டு, பெரிய ஆள் என்கிறார்களே, எங்கே வாசிக்கிறார் என்று என்னைக் கேட்பீர்கள். போன மாதம் ஒருவர் கேட்டார்.